கோபுரத்துக்குள் பாலிமர் ஏன் கட்டுகிறது? தடுப்பான் உண்மையில் என்ன செய்கிறது?

ரசாயன ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் "டவர் ஃபவுல் ஆகிவிட்டது" என்ற பேச்சு அடிக்கடி வரும். கேட்பவருக்கு, குழாயில் உப்புப் படிந்த மாதிரி ஏதோ வெளி அழுக்கு உள்ளே போய் அடைத்துக்கொண்டது என்று தோன்றும். சில ஆலைகளில் அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றுக்கு மூலப்பொருட்களான ஸ்டைரீன், அக்ரிலிக் அமிலம், பியூட்டாடையீன் ஆகியவற்றைக் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களை அடைப்பது பெரும்பாலும் அழுக்கு இல்லை. விற்பதற்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்த அதே சரக்குதான் உள்ளேயே பிளாஸ்டிக்காக மாறி, தட்டிலும் குழாயிலும் கெட்டிப்பட்டுவிடுகிறது.

"இன்ஹிபிட்டர் போட்டாச்சு, இனிமேல் பயமில்லை" என்ற எண்ணம் இதைவிடப் பரவலானது. இன்ஹிபிட்டர் என்பது பாலிமர் உருவாவதைத் தடுக்கும் வேதிப்பொருள். இங்கே தடுப்பான் என்றே சொல்கிறேன். அது செலவாகிக்கொண்டே இருக்கும் பொருள். அது போய்ச் சேராத மூலையில் பாதுகாப்பும் இல்லை. இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கோபுரம் என்ன செய்கிறது

கொதிநிலை வேறுபடும் இரண்டு திரவங்கள் கலந்திருந்தால் அவற்றைப் பிரிக்கப் பயன்படுவது டிஸ்டிலேஷன் டவர் என்ற உயரமான எஃகுக் கோபுரம். அடியில் உள்ள ரீபாய்லர் திரவத்தைச் சூடாக்கிக் கொதிக்க வைக்கிறது. ஆவி மேலே ஏறுகிறது. அதை கண்டென்சர் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்குகிறது. அதில் ஒரு பங்கை மறுபடியும் கோபுரத்தின் உச்சியில் ஊற்றுவார்கள். அதற்கு ரீஃப்ளக்ஸ் என்று பெயர். ஏறும் ஆவியும் இறங்கும் திரவமும் வழிநெடுக உள்ள தட்டுகளில் ஒன்றோடொன்று கலந்து கலந்து பிரிகின்றன. எளிதில் ஆவியாவது மேலேயும் மற்றது கீழேயும் சேர்கிறது.

ஸ்டைரீனை எடுத்துக்கொள்வோம். எத்தில்பென்சீனிலிருந்துதான் அதைத் தயாரிக்கிறார்கள். மாறாமல் மிஞ்சிய எத்தில்பென்சீன் 136 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிக்கும். வித்தியாசம் வெறும் 9 டிகிரி. இவ்வளவு நெருக்கமாக இருப்பவற்றைப் பிரிக்க ஏகப்பட்ட தட்டுகள் வேண்டும். அதாவது ஸ்டைரீன் வெகுநேரம் சூட்டிலேயே கிடக்க வேண்டும். ஸ்டைரீனுக்கு ஆகாததும் அதுதான்.

தானாகவே எப்படிப் பிளாஸ்டிக் ஆகிறது

ஸ்டைரீன் போல, ஒன்றோடொன்று இணைந்து நீளச் சங்கிலியாகக்கூடிய சிறு மூலக்கூறுக்கு மோனோமர் என்று பெயர். அப்படி உருவாகும் சங்கிலிதான் பாலிமர். மோனோமருக்குள் இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும்.

ஒரு கூட்டத்தில் எல்லோரும் தங்கள் இரு கைகளையும் தாங்களே கோத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோத்த கைகள்தான் இரட்டைப் பிணைப்பு. யாரும் யாரையும் தொடவில்லை, கூட்டம் அமைதியாக இருக்கிறது. இப்போது ஒரே ஒருவர் மட்டும் ஒரு கையை வெறுமனே நீட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். அந்தக் கை பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. இழுபட்டவரின் கோப்பு அவிழ்ந்து, அவருடைய மறு கை வெறுங்கையாகிவிடுகிறது. அது அடுத்தவரைப் பிடிக்கிறது. இப்படியே ஆயிரக்கணக்கானோர் ஒரே வரிசையாகக் கோத்துக்கொள்கிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தாலும் வரிசையின் நுனியில் ஒரு வெறுங்கை மட்டும் மிஞ்சியே இருக்கும்.

அந்த வெறுங்கைக்காரர்தான் ரேடிகல். பள்ளிப் புத்தகம் அதைத் தனி உறுப்பு என்கிறது. ஜோடி சேராத ஓர் எலெக்ட்ரானுடன் இருக்கும் துணுக்கு அது. இரண்டு வெறுங்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அந்த இரு சங்கிலிகளும் அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும்.

சரி, முதல் வெறுங்கை எங்கிருந்து வருகிறது? காற்றுப் பட்டு உருவான பெராக்சைடுகள் சூட்டில் உடைந்து வரலாம், துரு துணைபோகலாம். ஸ்டைரீனுக்கோ இதெல்லாம்கூடத் தேவையில்லை. போதிய சூடு இருந்தால் ஸ்டைரீன் மூலக்கூறுகள் தங்களுக்குள் வினைபுரிந்து தாமாகவே ரேடிகல்களை உண்டாக்கிக்கொள்ளும். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

கூடவே வெப்பமும் வெளிவருகிறது. ஒரு கிலோ ஸ்டைரீன் முழுவதும் பாலிமரானால் ஏறக்குறைய 670 கிலோஜூல் வெப்பம் வரும். ஒன்றரைக் கிலோ தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை கொண்டுபோக அது போதும். அந்த வெப்பம் வெளியேறாமல் தேங்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் வினை இன்னும் விரைவாகும். ஃபவுலிங் என்ற சாதாரணப் பராமரிப்புத் தொல்லை விபத்தாக மாறுவது இந்தச் சுழலில்தான்.

இதுவரை பார்த்தது: அடைப்பது சரக்கேதான். ஒரு ரேடிகல் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கோத்துவிடும். ஸ்டைரீனில் அந்த ரேடிகலை உண்டாக்க வெறும் சூடு போதும்.

முதல் பாதுகாப்பு: குறைந்த சூடு, குறைந்த நேரம்

தடுப்பானைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தடுப்பான் இல்லாத ஸ்டைரீன் 60 டிகிரியில் மணிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் பாலிமராகும். 100 டிகிரியில் அது ஏறக்குறைய 2 சதவீதம். 40 டிகிரி கூடினால் வேகம் 20 மடங்கு. சாதாரண அழுத்தத்தில் 145 டிகிரியில் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஸ்டைரீன் கோபுரங்களை வெற்றிடத்தில் ஓட்டுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உச்சியில் எவ்வளவு நல்ல வெற்றிடம் வைத்தாலும், ஆவி ஒவ்வொரு தட்டையும் துளைத்துக்கொண்டு மேலேற அதற்குக் கொஞ்சம் அழுத்தம் செலவாகிறது. கோபுரத்தின் அடிக்கும் உச்சிக்கும் இடையே இப்படி ஏற்படும் வித்தியாசத்தை அழுத்த வீழ்ச்சி என்பார்கள். தட்டுகள் அதிகம் என்றால் வீழ்ச்சியும் அதிகம். அடியில் அழுத்தம் கூடி, சூடும் கூடிவிடுகிறது. பிரிப்பதற்குத் தட்டுகள் வேண்டும், அதே தட்டுகளே அடியைச் சூடாக்குகின்றன! பல கோபுரங்களில் தட்டுகளை எடுத்துவிட்டு மடிப்பு மடிப்பான மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கியதற்கு முக்கியக் காரணம் இந்த இக்கட்டுதான். பேக்கிங் எனப்படும் அந்த அடுக்கில் அழுத்த வீழ்ச்சி வெகு குறைவு.

நேரத்தையும் மறக்கக் கூடாது. கோபுரத்தின் அடியில் எவ்வளவு திரவம் தேங்கி நிற்கிறதோ, அவ்வளவு நேரம் அது சூட்டில் கிடக்கிறது. அடிப்பகுதியைச் சிறியதாக அமைப்பது, அங்கே திரவ மட்டத்தைத் தாழ்வாக வைத்து ஓட்டுவது, ரீபாய்லருக்கு மிதமான சூட்டுள்ள நீராவியை விடுவது எல்லாம் இதற்காகத்தான். ரீபாய்லரில் திரவத்தின் சராசரிச் சூடு மட்டும் கணக்கில்லை. குழாய்ச் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் அதைவிடச் சூடாக இருக்கும், பாலிமர் முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

தடுப்பான்: செலவாகும் பொருள்

கூட்டத்துக்குள் வேறு வகை ஆட்கள் சிலரை அனுப்புகிறோம். வெறுங்கை நீளும்போது இவர்கள் முந்திக்கொண்டு அதைப் பிடிப்பார்கள். ஆனால் தங்கள் மறு கையை யாரிடமும் நீட்டமாட்டார்கள். சங்கிலி அங்கேயே நின்றுவிடும். ஒருவர் நிறுத்துவது ஒன்றிரண்டு வெறுங்கைகளைத்தான், அதோடு அவர் வேலை முடிந்தது.

முழுத் தடுப்பான் நடந்துகொள்வது இப்படித்தான். அது மிச்சம் இருக்கும்வரை பாலிமர் அனேகமாக உருவாகவே உருவாகாது. தீர்ந்த நிமிடத்திலிருந்து, தடுப்பானே போடாத சரக்கு எப்படி வினைபுரியுமோ அதே வேகத்தில் தொடங்கிவிடும். தடுப்பான் தாக்குப்பிடிக்கும் அந்த இடைவெளிக்கு இண்டக்‌ஷன் காலம் என்று பெயர். தடுப்பான் வினையை ரத்துசெய்வதில்லை, தள்ளிப்போடுகிறது. "இருமடங்கு போட்டால் இருமடங்கு பத்திரம்" என்று சொல்வதைவிட "கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்" என்று சொல்வதுதான் சரி. சூடு ஏறினால் ரேடிகல்கள் பெருகி அந்த நேரமும் சுருங்கிவிடும்.

இன்னொரு வகை ரிட்டார்டர். இது வினையை முழுதாக நிறுத்தாது, வேகத்தை மட்டும் மட்டுப்படுத்தும். கொஞ்சம் பாலிமர் கசிந்துகொண்டே இருக்கும். அப்புறம் எதற்கு இது என்று கேட்கலாம். தடுப்பானை உள்ளே செலுத்தும் பம்பு நடு இரவில் நின்றுவிட்டால், முழுத் தடுப்பான் சீக்கிரம் தீர்ந்து திடீரென்று கைவிட்டுவிடும். ரிட்டார்டர் படிப்படியாகத்தான் தளரும். ஆட்கள் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அதனால் ஸ்டைரீன் கோபுரங்களில் இரண்டையும் கலந்து பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது.

ஒரு காலத்தில் ஸ்டைரீன் கோபுரங்களில் கந்தகத்தைப் போட்டார்கள். மிஞ்சும் கழிவுத் தாரில் கந்தகமும் சேர்ந்துகொண்டதால் அதை எரிபொருளாக்குவதும் தொல்லையானது. பிறகு டைநைட்ரோ பியூட்டைல் ஃபீனால் என்ற ரிட்டார்டர் வந்தது. நன்றாக வேலை செய்யும், ஆனால் கடும் விஷம். இதே பொருள் டைனோசெப் என்ற பெயரில் களைக்கொல்லியாக விற்கப்பட்டது. அமெரிக்காவில் 1986ல் அதன் பயன்பாட்டை அவசரமாக நிறுத்திவைத்தார்கள். டெம்போ வகையைச் சேர்ந்த நைட்ராக்சைடுகள் அதற்கு அடுத்து வந்தவை. இவையே ரேடிகல்கள்தான், ஆனால் ஒன்றோடொன்று சேராமல் நிலைத்து நிற்கும் ரேடிகல்கள். வளரும் சங்கிலியின் நுனியைக் கண்டதும் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஆக்ஸிஜனைப் பற்றிய குழப்பம்

நடைமுறையில் ஆபத்தான தவறுகள் நேர்வது அதிகமும் இங்கேதான் என்பது என் கருத்து.

எரியக்கூடிய திரவம் என்றாலே நைட்ரஜனை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும் என்பது ஆலைகளில் ஊறிப்போன பழக்கம். பல பொருட்களுக்கு அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் டிபிசி, எம்ஈஎச்கியூ ஆகிய ஃபீனால் வகைத் தடுப்பான்கள் ஆக்ஸிஜன் துணையில்லாமல் ஒழுங்காக வேலை செய்வதில்லை. முதலில் ஆக்ஸிஜன்தான் வளரும் சங்கிலியின் நுனியைப் பிடிக்கிறது. அதனால் பெராக்ஸி ரேடிகல் உருவாகிறது. இந்தத் தடுப்பான்கள் பிடித்து அடக்குவது அந்தப் பெராக்ஸி ரேடிகலைத்தான். ஆக்ஸிஜனை முழுக்க வெளியேற்றிவிட்டால் தடுப்பான் உள்ளே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சேமிப்புத் தொட்டியில் உள்ள ஸ்டைரீனில் வழக்கமாக 10 முதல் 15 பிபிஎம் வரை டிபிசி இருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம். அக்ரிலிக் அமிலத்தில் 200 பிபிஎம் அளவுக்கு எம்ஈஎச்கியூ இருக்கும். அக்ரிலிக் அமிலத் தொட்டியில் திரவத்துக்கு மேலுள்ள காலி இடத்தை நைட்ரஜனால் முழுக்க நிரப்பக் கூடாது. அங்கே குறைந்தது 5 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அக்ரிலிக் அமிலக் கோபுரங்களுக்குள்ளும் அளவாகக் காற்றைச் செலுத்துகிறார்கள். ஆக்ஸிஜனை எதிர்பார்க்காத ஃபீனோதயசீனையும் கூடச் சேர்க்கிறார்கள். ஸ்டைரீனின் வெற்றிடக் கோபுரத்தில் டிபிசியை நம்ப முடியாததற்கும் காரணம் இதுவே: அங்கே ஆக்ஸிஜன் அனேகமாக இல்லை.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். கோபுரத்தில் நடந்தது அல்ல என்றாலும் வேதியியல் ஒன்றேதான். தொட்டியிலேயே ஸ்டைரீன் பாலிமராகத் தொடங்கிச் சூடு ஏறியது. டிபிசி போதவில்லை, கரைந்திருந்த ஆக்ஸிஜனை யாரும் கண்காணிக்கவில்லை, தொட்டியின் அடியில் மட்டும் சூட்டை அளந்துகொண்டிருந்ததால் மேல் அடுக்கு சூடானது தெரியவில்லை என்றெல்லாம் விசாரணையில் வெளிவந்தது.

பியூட்டாடையீனுக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே ஆக்ஸிஜன் புகுந்தால் பெராக்சைடுகள் உருவாகி, அவையே பாலிமருக்கு வித்திடுகின்றன. ஆகவே அந்தக் கோபுரங்களிலிருந்து ஆக்ஸிஜனை விரட்ட வேண்டும். ஓர் ஆலையில் கற்ற விதியை இன்னோர் ஆலைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுருக்கமாக: தடுப்பான் நேரத்தைத் தருகிறது, முழுத் தடுப்பான் தீர்ந்ததும் சட்டென்று கைவிடுகிறது. ஆக்ஸிஜன் வேண்டுமா வேண்டாமா என்பது மோனோமரையும் தடுப்பானையும் பொறுத்தது.

தடுப்பான் எட்டாத மூலைகள்

பெரும்பாலான தடுப்பான்கள் எளிதில் ஆவியாகாதவை. திரவத்தோடு இறங்கும், ஆவியோடு ஏறாது. அப்படியானால் மேலே ஏறும் ஆவி என்பது தடுப்பான் நீங்கிய சுத்தமான மோனோமர்.

அந்த ஆவி தட்டின் அடிப்பரப்பிலோ, ஆள் நுழையும் வழியின் மூடிக்குள்ளோ, அழுத்தமானி பொருத்திய குறுங்குழாயிலோ குளிர்ந்து துளியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளியில் தடுப்பான் துளிக்கூட இல்லை. அதைக் கழுவிக்கொண்டு போக அங்கே திரவ ஓட்டமும் இல்லை. சூடு மட்டும் இருக்கிறது. கோபுரத்துக்குள் பாலிமர் முதலில் முளைப்பது இம்மாதிரி இடங்களில்தான். கீழே எடுத்த மாதிரியில் தடுப்பான் தாராளமாக இருப்பதாகச் சோதனைக்கூடம் சொல்லும். அதே நேரம் மேலே ஒரு மூலை கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும்.

எனவே தடுப்பானைப் பிரிப்பதற்காகக் கோபுரத்துக்குள் வரும் கலவையோடு மட்டும் அனுப்பினால் போதாது. ரீஃப்ளக்ஸிலும் கலக்க வேண்டும், கண்டென்சர் நுழைவிலும் தெளிக்க வேண்டும். ஆவி குளிர்ந்து துளியாகக்கூடிய இடங்களை வெளியிலிருந்து சூடாக வைத்திருப்பதும் உண்டு. கேட்க முரணாக இருக்கும்: பாலிமராகாமல் இருக்கச் சூடாக்குவதா? துளி உருவாகாவிட்டால் பாலிமராக அங்கே எதுவும் இருக்காது, அவ்வளவுதான்.

தட்டின் வடிவமும் இதில் உண்டு. சாதாரணத் தட்டில் திரவம் இறங்கத் தனியாக ஒரு பக்கவழி இருக்கும், அதன் மூலைகளில் திரவம் தேங்கும். அக்ரிலிக் கோபுரங்களில் பக்கவழியே இல்லாத துளைத் தட்டுகளை விரும்புகிறார்கள். ஒரே துளைகள் வழியாக ஆவி ஏறவும் திரவம் இறங்கவும் செய்வதால் தட்டின் அடிப்பக்கமும் நனைந்துகொண்டே இருக்கும். பிரிக்கும் திறன் கொஞ்சம் குறைந்தாலும் தேக்கம் இல்லாதது பெரிய லாபம்.

பாப்கார்ன்

பியூட்டாடையீன் ஆலைகளில் உருவாகும் ஒரு வகைப் பாலிமருக்கு இதுதான் பெயர். பார்க்கவும் வெள்ளையாகப் பொரிந்த மாதிரிதான் இருக்கும். சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் எந்தக் கரைப்பானிலும் கரையாது. சிறு விதை ஒன்று ஒட்டிக்கொண்டால் மோனோமர் அதற்குள் ஊறிப் புகுந்து அங்கேயே பாலிமராகும். உள்ளிருந்து உப்பும் அழுத்தத்தில் பழைய சங்கிலிகள் அறுந்து புது ரேடிகல்கள் பிறக்கும். வளர வளர வளர்ச்சிக்கான இடங்களும் பெருகுகின்றன. ஆவியிலிருந்தும் வளரும். போகப்போக எஃகுக் குழாயையே பிளந்துவிடும் அளவுக்கு அழுத்தும்.

2019 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் நெச்சஸ் நகரிலுள்ள டிபிசி குரூப் ஆலையில் (தடுப்பானின் பெயரோடு இதற்குச் சம்பந்தமில்லை) நடந்தது இதுவே. பயன்படாமல் நிறுத்தி வைத்த ஒரு பம்பை ஒட்டிய குழாயில் ஓட்டம் இல்லை. இருபுறமும் போக்குவரத்து இல்லாத இப்படிப்பட்ட குழாய்த்துண்டை டெட் லெக் என்பார்கள். அதற்குள் பாப்கார்ன் வளர்ந்து குழாயை உடைத்தது. பியூட்டாடையீன் வெளியேறி வெடித்தது. சுற்றுவட்டார மக்களை வீடுகளைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது.

இதற்கு ஆவியோடு சேர்ந்து ஏறக்கூடிய தடுப்பானும் தேவை. டைஎத்தில் ஹைட்ராக்சில் அமீன் அந்த வகை. எளிதில் ஆவியாவதால் மற்றவை போகாத மூலைக்கும் போய்ச் சேரும். ஆனால் மருந்தைவிட முக்கியம், டெட் லெக் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்துக்கொண்டு அவற்றை அகற்றுவது, முடியாவிட்டால் அவ்வப்போது ஓட்டம் கொடுப்பது.

எப்படித் தெரிந்துகொள்வது

அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. கோபுரத்தின் அழுத்த வீழ்ச்சி அதே ஓட்டத்தில் வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாக ஏறும். அதே அளவு கொதிக்க வைக்க ரீபாய்லர் முன்பைவிட அதிக நீராவி அழுத்தம் கேட்கும். அடித் திரவம் குழகுழப்பாகும்.

ஸ்டைரீனுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. மாதிரியில் கொஞ்சம் எடுத்து மெத்தனாலில் விட்டுக் கலக்குவார்கள். ஸ்டைரீன் மெத்தனாலில் கரையும், பாலிஸ்டைரீன் கரையாது. பாலிமர் இல்லையென்றால் கண்ணாடிக் குடுவையில் தெளிவாகவே இருக்கும். இருந்தால் மெல்லிய பால்நிறக் கலங்கல் எழும். கலங்கல் எவ்வளவு என்று கருவியால் அளந்தால் பாலிமர் எத்தனை பிபிஎம் என்பதே தெரிந்துவிடும். தடுப்பான் எவ்வளவு மிச்சம் என்ற எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்வார். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறலாம்.

கோபுரத்தை நிறுத்தும்போது

ஓடும்போது இருப்பதைவிட நிறுத்தும்போது ஆபத்து அதிகம் என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். நீராவியை நிறுத்தியதும் தட்டுகளில் இருந்த திரவமெல்லாம் அடியில் வந்து சேரும். சூடு அப்படியே இருக்கும், ஓட்டம் இருக்காது, தடுப்பான் செலுத்தும் பம்பும் நின்றிருக்கும். ஆகவே அந்தத் திரவத்தை உடனே குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற்ற வேண்டும். வெளியேற்றிய இடத்திலும் கவனிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் ஹிமெஜியில் நிப்பான் ஷொகுபாய் ஆலையில் வெடித்தது, கோபுரத்தின் அடித் திரவத்தைப் பிடித்து வைத்திருந்த ஓர் அக்ரிலிக் அமிலத் தொட்டி. குளிரூட்டும் சுருள் இருந்தது தொட்டியின் கீழ்ப்பகுதியில். திரவத்தை மேல்வரை சுற்றவிடும் ஓட்டம் அன்று திறக்கப்படவில்லை. மேல் பகுதி தேங்கிச் சூடேறியது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார், 36 பேர் காயமடைந்தார்கள்.

சுத்தம் செய்யக் கோபுரத்தைத் திறக்கும்போது ஸ்டைரீன் பாலிமரை உயரழுத்த நீரால் பெயர்த்துவிடலாம். பாப்கார்னில் அந்தத் துணிச்சல் கூடாது. அதில் இன்னும் உயிருள்ள ரேடிகல்களும் பெராக்சைடுகளும் இருக்கும், காய்ந்தால் காற்றுப் பட்டுத் தானே தீப்பிடிக்கலாம். ஈரமாகவே வைத்திருந்து அப்புறப்படுத்துவார்கள். பிறகு, மறுபடி ஓட்டத் தொடங்கும் முன் சோடியம் நைட்ரைட் கரைசலைக் கோபுரம் முழுக்கச் சுற்றவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் துருவையும் பெராக்சைடையும் செயலிழக்கச் செய்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு விதை மிஞ்சினாலும் போதும், அடுத்த பாப்கார்ன் அங்கிருந்தே தொடங்கிவிடும்.